தங்கைக்குச் செய்த அதே அறுவையா, வேறொன்றா? எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சைத் தேர்வு குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த நிகழ்வுக்கு உரியவர் 43 வயதான ஒரு பெண். உயரம் 160 செ.மீ.; முதல் சந்திப்பில் எடை 118 கிலோ; உடல் நிறை குறியீட்டெண் 46. ஏழு ஆண்டுகளாக இரண்டாம் வகை நீரிழிவு இருந்தது. மெட்ஃபார்மின், கிளிமெபிரைடு, எம்பாகிளிஃப்ளோசின் என்ற மூன்று மாத்திரைகளையும் தவறாமல் எடுத்தும் எச்பிஏ1சி (ஏறத்தாழ மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் அளவு) 8.4 விழுக்காட்டில் நின்றது. இன்சுலின் இன்னும் தொடங்கவில்லை. இரண்டு முழங்கால்களிலும் மூட்டுத் தேய்மானம் இருந்ததால், எலும்பு மருத்துவர் முதலில் எடையைக் குறைக்கும்படியும், மூட்டு மாற்று அறுவையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொல்லி அனுப்பியிருந்தார். உறக்கப் பரிசோதனையில் மணிக்கு 34 முறை மூச்சு தடைபடுவது தெரிந்தது. அதற்கு முந்தைய ஆண்டில் எட்டு மாதங்கள் செமாக்ளுடைடு ஊசி போட்டு 6 கிலோ குறைந்து, வாந்தி தாளாமல் நிறுத்தியிருந்தார்.

நான் அந்தக் குழுவில் உணவியல் ஆலோசகராக இருந்தேன். அறுவைக் கூடத்துக்குள் நடந்தவை எனக்குக் குறிப்பேட்டின் வழியாகவே தெரியும். அதற்கு முன்னும் பின்னும் நடந்தவற்றில் பெரும்பகுதி என் மேசைக்கு எதிரில் நடந்தது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன்.

அறுவைக்கு இவர் தகுதியானவரா என்பதில் சிக்கல் இல்லை. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனம் 1991-இல் வகுத்த அளவுகோலின்படி குறியீட்டெண் 40-க்கு மேல் இருந்தால் அதுவே போதும். 35-க்கு மேல் இருந்தால் கூடவே தீவிரமான இணைநோய் இருக்க வேண்டும். 2022-இல் எடைக் குறைப்பு அறுவைக்கான அமெரிக்கச் சங்கமும் பன்னாட்டுச் சங்கமும் வெளியிட்ட புதிய பரிந்துரை, இணைநோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 35 என்று அதைத் தளர்த்தியது. இவர் இரண்டின்படியும் தகுதியானவர். எனவே பேச வேண்டியிருந்தது எந்த அறுவை என்பதைப் பற்றி மட்டுமே. ஆனால் அதற்கான பதிலை அவர் முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு வந்திருந்தார். அவருடைய தங்கை மூன்று ஆண்டுகளுக்கு முன் வேறொரு மருத்துவமனையில், இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் ஸ்லீவ் அறுவை செய்துகொண்டு 34 கிலோ குறைந்திருந்தார். “அவளுக்குப் பண்ணினதையே எனக்கும் பண்ணிடுங்க மேடம், புதுசா எதையும் யோசிக்க வேண்டாம்” என்பதுதான் முதல் நாளில் அவர் சொன்ன முதல் வாக்கியம். உடன் வந்த கணவரும் அதையே விரும்பினார். ‘பைபாஸ்’ என்ற சொல்லைக் கேட்டதுமே அவர் இதய அறுவையை நினைத்து முகம் வெளிறிப்போனார். இது வயிற்றில் செய்வது, இதயத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று விளக்கவே கால் மணி நேரம் ஆயிற்று. இந்தக் குழப்பம் பலரிடமும் இருப்பதால், இப்போதெல்லாம் முதல் சந்திப்பில் நான் ‘குடல் மாற்றுப்பாதை’ என்றே சொல்லத் தொடங்குகிறேன்.

முதலில் தெரிந்தவை

வழக்கமான கேள்வித்தாளில் ‘நெஞ்செரிச்சல் உண்டா?’ என்ற வினாவுக்கு அவர் ‘இல்லை’ என்று குறித்திருந்தார். எண்டோஸ்கோபியில் உணவுக்குழாயின் அடியில் மிக லேசான சிவப்பும், 2 செ.மீ. அளவுள்ள ஹயாட்டஸ் ஹெர்னியாவும் தெரிந்தன. இரைப்பையின் மேல்பகுதி உதரவிதானத் துளையின் வழியாக மார்புப் பக்கம் சற்றே ஏறி நிற்பதைத்தான் இப்படிச் சொல்கிறோம். உடல் எடை மிகுந்தவர்களிடம் இது அரிதன்று. எடுத்த திசுவில் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி இருந்ததால் 14 நாள் கூட்டு மருந்து கொடுக்கப்பட்டது. இவ்வளவையும் பார்த்த அறுவை மருத்துவர் முதல் குறிப்பில் ‘ஸ்லீவ், ஹெர்னியா பழுதுநீக்கத்துடன்’ என்று எழுதினார். அன்றைக்குக் கையில் இருந்த தகவல்களுக்கு அது பொருத்தமான குறிப்புதான்.

என் பங்குக்கு இரண்டு வார உணவு நாட்குறிப்பைக் கேட்டு வாங்கினேன். அதில் ஒரு விஷயம் உறுத்தியது. பதினான்கு நாள்களில் ஒருநாள்கூட மாலை 6.30-க்குப் பிறகு எதுவும் எழுதப்படவில்லை. பகல் முழுவதும் கட்டுப்பாடின்றிச் சாப்பிட்டதை ஒளிக்காமல் எழுதிய ஒருவர், இரவில் மட்டும் இத்தனை ஒழுங்காக இருப்பதற்குக் காரணம் கேட்டேன். “அப்புறம் சாப்பிட்டா படுக்க முடியாது” என்றார். எப்படிப் படுக்கிறீர்கள் என்று கேட்டதற்கு மூன்று தலையணை என்றார். அதை அவர் ஒரு தொந்தரவாகவே எண்ணவில்லை. மூச்சுத் தடைக்காக அப்படிப் படுப்பதாகத்தான் அவரும் வீட்டாரும் நினைத்திருந்தார்கள். நானும் அதைக் குறித்து வைத்தேனே தவிர அழுத்திச் சொல்லவில்லை.

சோதனைக்காக நிறுத்திய மாத்திரை

கிருமி ஒழிந்ததா என்பதை மூச்சுப் பரிசோதனையால் உறுதிசெய்ய வேண்டும். அதற்கு நுண்ணுயிர்க்கொல்லி முடிந்து நான்கு வாரமாவது கடந்திருக்க வேண்டும். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரமாவது ஆகியிருக்க வேண்டும். அந்த மாத்திரையை நிறுத்தச் சொன்னபோதுதான், அவர் ஆறு ஆண்டுகளாகத் தினமும் காலையில் சர்க்கரை மாத்திரைகளோடு பான்டோபிரசோலும் விழுங்கிவருவது எங்கள் கவனத்துக்கு வந்தது. அது மருந்துப் பட்டியலில் இருந்தது, நாங்களும் பார்த்திருந்தோம். பல மாத்திரை எடுப்பவர்களுக்கு வயிற்றுக் காப்புக்காக யாரோ எழுதிக்கொடுத்தது என்று கடந்து போயிருந்தோம்.

நிறுத்திய மூன்றாம் இரவு அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி உறங்கினார். ஐந்தாம் நாள் தொலைபேசியில் அழைத்து, தொண்டை வரை புளிப்பு ஏறுவதாகவும் நெஞ்சில் ஏதோ பற்றி எரிவதாகவும் சொன்னார். கேள்வித்தாளில் அவர் பொய் எதுவும் எழுதவில்லை. எரிச்சல் இல்லாமல் வைத்திருந்தது மாத்திரை. நாங்கள் எரிச்சலைப் பற்றிக் கேட்டோமே ஒழிய மாத்திரையைப் பற்றிக் கேட்கவில்லை.

நீண்ட காலம் எடுத்த அமிலக்குறைப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால், சில வாரங்களுக்கு அமிலச் சுரப்பு வழக்கத்தைவிட மிகுந்து எழுவது உண்டு. ஆகவே இந்த எரிச்சலை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது என்று குழுவின் இரைப்பைக் குடல் மருத்துவர் எச்சரித்தார். மூச்சுப் பரிசோதனை முடிந்து கிருமி இல்லை என்று உறுதியானதும், மாத்திரை இல்லாத நிலையிலேயே மறு எண்டோஸ்கோபியும் 24 மணி நேர அமில அளவீடும் செய்யப்பட்டன. இந்த முறை 5 மி.மீ.-ஐவிட நீளமான புண்கோடுகள் தெரிந்தன. லாஸ் ஏஞ்சலஸ் வகைப்பாட்டில் இது ‘பி’ தரம். உணவுக்குழாயில் அமிலம் நின்ற நேரம் ஒரு நாளின் 9 விழுக்காடாக இருந்தது. 6-ஐத் தாண்டினாலே நோய் உறுதி என்பது இன்றைய அளவுகோல். ஹெர்னியாவும் சேர்ந்திருந்ததால், இது மாத்திரையை நிறுத்தியதன் எதிர்விளைவு மட்டும் அல்ல என்று குழு ஏற்றுக்கொண்டது.

எடைபோட்ட தேர்வுகள்

ஸ்லீவ் அறுவையில் இரைப்பையின் வெளிவளைவுப் பக்கம் ஏறத்தாழ 75 முதல் 80 விழுக்காடு வரை வெட்டி எடுக்கப்பட்டு, எஞ்சியது ஒரு குறுகிய குழாயாக நிற்கிறது. பசியைத் தூண்டும் கிரெலின் இயக்குநீரைப் பெருமளவில் சுரக்கும் மேற்குவிப்பகுதி போய்விடுவதால் பசியும் குறைகிறது. குடலில் கை வைப்பதில்லை, இணைப்பும் இல்லை, பிற்காலத்தில் எண்டோஸ்கோபி செய்ய வழி அப்படியே இருக்கிறது. ஆனால் அந்தக் குழாய் அழுத்தம் மிகுந்தது: கீழ்வாயில் பைலோரஸ் தசை இறுக்கிப் பிடிக்க, மேலே வால்வு தளர்ந்திருந்தால் உள்ளிருப்பது மேல்நோக்கித்தான் போகும். வெட்டியதைத் திரும்ப ஒட்டவும் முடியாது. ‘எளிய அறுவை, வேண்டாமென்றால் மாற்றிக்கொள்ளலாம்’ என்று நோயாளிகள் நினைப்பதற்கு நேர்மாறானது உண்மை. இரண்டில் கொள்கையளவிலேனும் பழைய நிலைக்குத் திருப்பக்கூடியது பைபாஸ்தான்.

ரூ-என்-ஒய் பைபாஸில் இரைப்பையின் மேற்புறத்தில் சுமார் 30 மில்லி கொள்ளும் சிறிய பை மட்டும் பிரிக்கப்பட்டு, அது சிறுகுடலின் நடுப்பகுதியோடு இணைக்கப்படுகிறது. எஞ்சிய இரைப்பை உள்ளேயே இருக்கும். உணவு அதன் வழியே போகாது. அமிலம் சுரக்கும் பகுதி விலகிவிடுவதாலும் பித்தநீர் நெடுந்தொலைவுக்குக் கீழே வந்து சேர்வதாலும் எதுக்களிப்புக்கு இதுவே பொருத்தமானது. மறுபுறம், இரும்பு, பி12, கால்சியம் ஆகியவற்றின் குறைபாட்டை வாழ்நாள் முழுவதும் கண்காணிக்க வேண்டும்; குடல் மடிப்புகளுக்கு இடையே உள்புறக் குடலிறக்கம் நேரலாம்; இனிப்பைக் குடித்தால் படபடப்பும் வியர்வையும் வரலாம்; பித்தநாளத்தில் கல் வந்தால் வழக்கமான குழாய் வழிச் சிகிச்சை கடினம். இந்த நிகழ்வுக்கு முக்கியமானது இன்னொன்று: இணைப்பின் விளிம்பில் வரும் புண். புகைபிடிப்பதும், ஸ்டீராய்டு அல்லாத வலி மாத்திரைகளும் அதற்கு முதன்மைக் காரணங்கள். இவர் முழங்கால் வலிக்காக வாரத்தில் ஐந்து நாளாவது டைக்ளோஃபெனாக் எடுத்துக்கொண்டிருந்தார்.

ஒற்றை இணைப்புப் பைபாஸையும் பேசினோம். பிரான்சில் 253 பேரிடம் நடந்து 2019-இல் வெளியான யோமேகா ஆய்வில், இரண்டு ஆண்டு எடை இழப்பில் அது ரூ-என்-ஒய் முறைக்குக் குறைந்ததாக இல்லை. ஆனால் வயிற்றுப்போக்கும் ஊட்டச்சத்துக் கோளாறுகளும் கூடுதலாக இருந்தன. ஒரே இணைப்பு என்பதால் பித்தநீர் இரைப்பைப் பைக்குள் வர வாய்ப்புண்டு. ஏற்கெனவே புண்பட்ட உணவுக்குழாய் உள்ளவருக்கு அதைத் தருவதில் யாருக்கும் விருப்பமில்லை. வளையம் பொருத்தும் முறை, மறு அறுவைகள் மிகுந்ததால் எங்கள் பேச்சிலேயே வருவதில்லை. ஸ்லீவோடு சிறுகுடலின் பெரும்பகுதியையும் உணவுப் பாதையிலிருந்து விலக்கும் டூயோடினல் ஸ்விட்ச் எடையிலும் சர்க்கரையிலும் மிகுந்த பலன் தருவது. ஆனால் ஊட்டச்சத்துக் குறைபாட்டின் சுமை இவருக்குத் தேவையற்றது என்று ஒரே வரியில் விலக்கப்பட்டது.

முடிவும் காரணமும்

கூட்டத்தில் இரண்டு தரப்பு இருந்தது. நீரிழிவு இதைத் தீர்த்துவைக்கவில்லை. ஸ்டாம்பீட் ஆய்வின் ஐந்தாண்டு முடிவில் எச்பிஏ1சி 6 அல்லது அதற்குக் கீழ் இருந்தவர்கள் பைபாஸில் 29 விழுக்காடு, ஸ்லீவில் 23, மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5. அறுவைக்கும் மருந்துக்கும் இடையிலான தூரம் பெரிது. இரண்டு அறுவைகளுக்கு இடையிலானது சிறிது. எடையும் அப்படித்தான். பின்லாந்தின் ஸ்லீவ்பாஸ் ஆய்வில் ஐந்தாண்டில் கூடுதல் எடையில் குறைந்தது ஸ்லீவில் 49 விழுக்காடு, பைபாஸில் 57. பைபாஸ் முன்னே நிற்கிறது. ஆனால் தங்கையின் 34 கிலோவை நேரில் பார்த்த ஒருவரிடம் இந்த வேறுபாடு எடுபடாது.

உண்மையான மோதல் எதுக்களிப்புக்கும் முழங்காலுக்கும் இடையில்தான் இருந்தது. சுவிட்சர்லாந்தின் எஸ்எம்-பாஸ் ஆய்வில் எதுக்களிப்பு மோசமானது ஸ்லீவில் 31.8 விழுக்காட்டினருக்கு, பைபாஸில் 6.3 விழுக்காட்டினருக்கு, முற்றிலும் நீங்கியது முறையே 25 மற்றும் 60.4 விழுக்காட்டினருக்கு. இதை வைத்து அறுவை மருத்துவர் தம் முதல் குறிப்பைத் தாமே அடித்துப் பைபாஸ் என்று மாற்றினார். மயக்க மருத்துவரின் வாதம் வேறு: வலி மாத்திரையை விட மாட்டார் என்று நமக்கே தெரிந்த ஒருவருக்கு, அந்த மாத்திரையால் புண் வரக்கூடிய இணைப்பை உண்டாக்குவது சரியா? ஹெர்னியாவைச் சரிசெய்து ஸ்லீவ் செய்வோம், எதுக்களிப்பு தாளாவிட்டால் பிறகு பைபாஸாக மாற்றலாம் என்றார். இது அலட்சியமாக ஒதுக்கக்கூடிய வாதமன்று. நான் பைபாஸ் பக்கம் நின்றேன். வலிக்கு மாற்று வழி தேட முடியும். வெட்டி எடுத்த இரைப்பைக்கு மாற்று கிடையாது. இரண்டாம் அறுவை முதலாவதைப்போல் எளிதாக இருப்பதும் இல்லை. இவையே என் காரணங்கள்.

எலும்பு மருத்துவரையும் சேர்த்துக்கொண்டு ஒரு நிபந்தனை வகுத்தோம்: அறுவைக்கு முன் ஆறு வாரம் டைக்ளோஃபெனாக் இல்லாமல் இருந்து காட்ட வேண்டும். மாற்றாகப் பாராசிட்டமால், தோலில் பூசும் களிம்பு, இயன்முறைப் பயிற்சி, வலது மூட்டுக்குள் ஒரு ஸ்டீராய்டு ஊசி ஆகியவை தரப்பட்டன. ஊசிக்குப் பிறகு சில நாள்கள் சர்க்கரை எகிறியது, எதிர்பார்த்ததுதான். ஆறு வாரத்தையும் அவர் கடந்தார்.

அவரிடம் இதைச் சொல்லும் பொறுப்பு எனக்கும் அறுவை மருத்துவருக்கும். படம் வரைந்து இரண்டையும் விளக்கிய பிறகு அவர் கேட்டது ஒன்றே: “நிமிர்ந்து உட்காராமப் படுக்க முடியுமா?” பெரும்பாலும் முடியும் என்றோம். ஒரு வாரம் எடுத்துக்கொண்டு, கணவருடன் வந்து ஒப்புதல் தந்தார்.

அறுவையும் முதல் மூன்று மாதங்களும்

அறுவைக்கு முந்தைய இரண்டு வாரம் நாளுக்குச் சுமார் 900 கலோரி உணவு. கல்லீரல் சுருங்கி இரைப்பை மறைக்கப்படாமல் தெரிவதற்காக இது தரப்படுகிறது. அந்த உணவோடு கிளிமெபிரைடு எடுத்தால் சர்க்கரை தாழ்ந்துவிடும் என்பதால் அது முதல் நாளே நிறுத்தப்பட்டது. சர்க்கரை அளவு மிகாமலே கீட்டோன் நஞ்சு சேரும் அபாயம் கருதி எம்பாகிளிஃப்ளோசின் மூன்று நாள் முன்பே நிறுத்தப்பட்டது. மூச்சுத் தடைக்கான காற்றழுத்தக் கருவியை நான்கு வாரமாகப் பயன்படுத்திவந்தார். அறுவை நாளன்று எடை 111 கிலோ.

லேப்ராஸ்கோப்பி வழியில் அறுவை நடந்தது, ஹெர்னியாவும் சரிசெய்யப்பட்டது, குடல் மடிப்புகளுக்கு இடையிலான இரண்டு இடைவெளிகளும் தைத்து மூடப்பட்டன. ஸ்வீடனில் ஈராயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வு, இப்படி மூடுவது பின்னாளில் குடலடைப்புக்கான மறு அறுவையைக் குறைக்கிறது என்று காட்டியிருக்கிறது. மூன்றாம் நாள் வீடு திரும்பினார்.

முதல் இரண்டு வாரம் திரவ உணவு, பிறகு மசித்தது, பிறகு மென்மையானது, நாளுக்கு 60 கிராமுக்குக் குறையாத புரதம், சத்து மாத்திரைகள், மூன்று மாதம் அமிலக்குறைப்பு மாத்திரை. இதில் குறிப்பிடத்தக்க சிக்கல் எதுவும் இல்லை. மூன்றாம் மாதம் எடை 93 கிலோ; சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மட்டும். தலையணை ஒன்றாகியிருந்தது. திட்டப்படி அமிலக்குறைப்பு மாத்திரையை நிறுத்தினோம், எரிச்சல் திரும்பவில்லை.

ஐந்தாம் மாதம்: புண்

ஐந்தாம் மாதத்தில் சாப்பிட்ட சில நிமிடங்களில் மேல்வயிற்றில் குத்துவலி வருவதாக அழைத்தார். எண்டோஸ்கோபியில், இணைப்பின் குடல் பக்கம் 8 மி.மீ. அளவுள்ள புண், இரத்தக் கசிவு இல்லை. கிருமிச் சோதனை மீண்டும் எதிர்மறை, புகைப்பழக்கம் கிடையாது. வலி மாத்திரை எடுத்தீர்களா என்று மூன்று பேர் மூன்று நாளில் கேட்டோம். மூன்று முறையும் ஒரே பதில்: “இல்லை. நீங்க சொன்ன பாராசிட்டமால் மட்டும்தான்.”

அடுத்த சந்திப்புக்கு வீட்டில் உள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துவரச் சொன்னேன். பையை என் மேசையில் கவிழ்த்தார்: பதினொரு அட்டைகள். அவற்றில் ஒன்றை எடுத்து, “இதுதான் அந்தப் பாராசிட்டமால்” என்று காட்டினார். அட்டையின் பின்புறத்தில் இரண்டு வரிகள். மேல்வரியில் அசெக்ளோஃபெனாக் 100 மி.கி.; கீழ்வரியில் பாராசிட்டமால் 325 மி.கி. அவர் தமக்குத் தெரிந்த வரியைப் படித்திருந்தார். நடைப்பயிற்சியை 40 நிமிடமாகக் கூட்டியதில் வலது முழங்கால் மீண்டும் வலித்திருக்கிறது. கணவர் மருந்துக் கடையில் பாராசிட்டமால் கேட்டபோது, எதற்கு என்று கடைக்காரர் வினவ, மூட்டுவலிக்கு என்று இவர் சொல்ல, இது இன்னும் நன்றாகக் கேட்கும் என்று கொடுத்திருக்கிறார்கள். மூன்று வாரமாக நாளுக்கு இரண்டு. அமிலக்குறைப்பு மாத்திரையை நாங்கள் நிறுத்திய சில வாரங்களிலேயே இது தொடங்கியிருந்தது.

இதில் யாரும் நிபந்தனையை மீறவில்லை என்பதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. ‘வலி மாத்திரை கூடாது’ என்று நாங்கள் சொன்னோம். அவர் டைக்ளோஃபெனாக்கைத் தொடவே இல்லை. அந்த மருந்துக் குடும்பத்தில் எத்தனை பெயர்கள் உண்டு, அவை எவற்றோடு கலந்து விற்கப்படுகின்றன என்பதை நாங்கள் ஒருபோதும் காட்டவில்லை.

மாத்திரை நிறுத்தப்பட்டது. அமிலக்குறைப்பு மருந்தின் கேப்சூலைத் திறந்து உள்ளிருக்கும் துகள்களை விழுங்கும்படி கூறினோம். சிறிய பையில் முழுக் கேப்சூல் கரைவதற்கு முன்பே குடலுக்குள் கடந்துவிடக்கூடும் என்பது காரணம். கூடவே, புண்ணின்மேல் படிந்து காக்கும் சுக்ரால்ஃபேட் கூழ்மம். பத்து நாளில் வலி அடங்கியது. மூன்று மாதம் கழித்துச் செய்த எண்டோஸ்கோபியில் புண் ஆறியிருந்தது.

பதினெட்டாம் மாதம் வரை

ஓராண்டு நிறைவில் எடை 80 கிலோ. பதினெட்டாம் மாதத்தில் 79. தொடக்க எடையிலிருந்து 39 கிலோ, அதாவது 33 விழுக்காடு குறைந்திருக்கிறது. எச்பிஏ1சி 5.8, ஆனால் மெட்ஃபார்மின் தொடர்வதால் இதை நீரிழிவு நீக்கம் என்று நாங்கள் பதிவு செய்வதில்லை. மூச்சுத் தடை மணிக்கு 7 ஆகக் குறைந்து, மருத்துவர் அறிவுரையின்பேரில் கருவி நிறுத்தப்பட்டது. ஓராண்டுச் சோதனையில் இரும்புச் சேமிப்பு தாழ்ந்திருந்தது. மாத்திரையைத் தவறவிடவில்லை, ஆனால் வேலை எளிதாகட்டும் என்று இரும்பையும் கால்சியத்தையும் ஒரே நேரத்தில் விழுங்கியிருந்தார். ஒன்று மற்றொன்றை உறிஞ்சவிடாது. இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடச் சொன்னதும் அடுத்த சோதனையில் அளவு ஏறியது.

இடையில் தங்கையும் ஒருநாள் உடன் வந்திருந்தார். அக்காவின் கதையைப் பேசிக்கொண்டிருக்கும்போது, தானும் இரண்டு ஆண்டுகளாகத் தினம் ஒரு அமிலக்குறைப்பு மாத்திரை எடுப்பதாக இயல்பாகச் சொன்னார். ஸ்லீவுக்குப் பிறகு ஓராண்டிலும், அதன்பின் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையும் எண்டோஸ்கோபி செய்துகொள்ளும்படி பன்னாட்டுச் சங்கம் பரிந்துரைத்திருப்பதை அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. செய்து பார்த்ததில் உணவுக்குழாயில் ‘பி’ தரப் புண் இருந்தது. அவர் இப்போது தனியே கண்காணிப்பில் இருக்கிறார். தம் அறுவையில் அவர் நிறைவாகவே இருக்கிறார் என்பதையும் சேர்த்தே பதிவு செய்ய வேண்டும்.

மாற்றிக்கொண்டவையும் முடியாத வாதமும்

கேள்வித்தாளில் ‘நெஞ்செரிச்சல் உண்டா?’ என்பதற்கு முன்னால், ‘அமிலத்துக்காக மாத்திரை எடுக்கிறீர்களா, எத்தனை காலமாக, ஒருநாள் விட்டால் என்ன ஆகும்?’ என்ற வினாவைச் சேர்த்திருக்கிறோம். எத்தனை தலையணை என்றும் கேட்கிறோம். ஒவ்வொரு சந்திப்பிலும் மாத்திரைப் பை கவிழ்க்கப்படுகிறது; பட்டியலை வாயால் சொன்னால் ஏற்பதில்லை. பைபாஸ் செய்துகொண்டவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய வலி மருந்துகளின் வேதிப்பெயர்களும் கலவைப் பெயர்களும் அடங்கிய சிறிய அட்டை தரப்படுகிறது. அதை மருந்துக் கடைக்கு எடுத்துப் போகப்போகிறவரிடமே கொடுக்கிறோம். மூட்டுவலி உள்ளவர்களுக்கு அமிலக்குறைப்பு மருந்தை மூன்றாம் மாதத்தில் நிறுத்தாமல் நீட்டிக்கிறோம்.

அறுவைத் தேர்வைப் பொறுத்தவரை குழுவுக்குள் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. ஸ்லீவ் செய்திருந்தால் அந்தப் புண் வந்திருக்காது என்கிறார் மயக்க மருத்துவர்; அது உண்மை. நான் ஸ்லீவ்பாஸின் பத்தாண்டு முடிவைக் காட்டுகிறேன்: உணவுக்குழாய் அழற்சி ஸ்லீவில் 31 விழுக்காடு, பைபாஸில் 7. மூன்று மாதத்தில் ஆறிய ஒரு புண்ணை, ஆறாமல் நீளக்கூடிய ஒன்றுக்கு ஈடாக ஏற்கலாம் என்பது என் கணிப்பு. புண்ணில் துளை விழுந்திருந்தால் இதே தெளிவோடு எழுதியிருப்பேனா என்று அவர் கேட்டார். எழுதியிருக்க மாட்டேன்.

இடது முழங்கால் இப்போது பெரிதாகத் தொந்தரவு தருவதில்லை. வலது முழங்காலுக்கு மாற்று அறுவை தேவை என்பது உறுதியாகி, நாள் குறிக்கப்பட்டிருக்கிறது. அந்த அறுவைக்குப் பின் வலியைக் கட்டுப்படுத்த வழக்கமாகத் தரப்படும் மருந்துகளில் ஒன்று, இவர் ஒருபோதும் எடுக்கக் கூடாத அதே குடும்பத்தைச் சேர்ந்தது. எலும்பு மருத்துவருக்கும் அங்குள்ள மயக்க மருத்துவருக்கும் நாங்கள் எழுதிய கடிதத்தோடு, மேசையில் கவிழ்ந்த அந்த அட்டையின் பின்புறப் படமும் இணைக்கப்பட்டிருக்கிறது.